நைனா கொடுத்த மீட்டர்

லாவண்யா, இந்தப் பையை உன் அம்மா உன்னிடம் கொடுத்ததும் வேர்க்கடலை உருண்டை டப்பாவைத்தான் முதலில் தேடுவாய். எடுத்துக்கொள். அடியில் ஒரு பொருளைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன், அதை மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பிரி. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். உன்னைத் தெலுங்கு மீடியத்தில் சேர்த்தது நான்தான், குறை சொல்ல முடியாது. பஸ் போர்டு படிப்பது போல நின்று நின்று படிப்பாய். இந்த ஒரு தடவை அது நல்லதுக்குத்தான், வேகமாகப் படித்தால் பாதியிலேயே கோபம் வந்து கிழித்துப் போட்டுவிடுவாய். போனில் சொல்லிவிடலாம் என்று பலமுறை எடுத்தேன். துன்னியா என்று நான் கேட்பேன், துன்னேன் நைனா என்று நீ சொல்வாய், ஸ்ரீசிட்டியில் மழையா என்று கேட்பேன், இல்லை என்பாய், வைத்துவிடுவேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்று புரிந்துபோனதால் எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கப்போகிறேன். உன் ஹாஸ்டலில் கூட இருக்கும் பெண்கள் படித்தாலும் பரவாயில்லை. மறைத்து வைத்ததெல்லாம் போதும்.

வருகிற திங்கட்கிழமை பெங்களூரு ஏர்போர்ட்டில் ரன்வே விளக்கு வேலைக்கு உனக்கு டெஸ்ட். அதற்குப் போகப்போவதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னாய். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில்தான் பாயில் படுத்திருந்தேன். "எனக்குக் கைவேலை வராதும்மா. ஒருவாட்டி பாத்தாச்சி இல்ல. செல்போன்ல ஸ்க்ரூ பூட்டிக்கினு இருக்கறதே போதும்" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். அழுதுகொண்டோ கோபமாகவோ சொல்லியிருந்தால் நான் திரும்பிப் படுத்திருப்பேன். ஊருக்கு பஸ் இத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாயே, அதுதான் தாங்கவில்லை. உனக்குக் கைவேலை வராது என்பது பொய் லாவண்யா. அந்தப் பொய்யை உன் தலையில் ஏற்றி வைத்தவன் நான். நீ டெஸ்டுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு போகாமல் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய சமாச்சாரம் சொல்ல வேண்டும், அது இல்லாமல் மற்றது புரியாது. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது திருச்சானூர் கோயிலில் தாயாரைக் கும்பிட்டுவிட்டு டி.வி.எஸ்.ஸில் புத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டு வந்தாய், அம்மா பின்னால். பொழுது சாய்கிற நேரம். நம் ரேணிகுண்டா ஏர்போர்ட் காம்பவுண்டை ஒட்டிய ரோட்டில் வந்தபோது உள்ளே விளக்குகள் வரிசையாக எரிய ஆரம்பித்தன. நீ வண்டியை நிறுத்தச் சொன்னாய். ஒரு விமானம் தாழ்ந்து வந்து அந்த விளக்குகளுக்கு நடுவே இறங்கிற்று. நீ வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "நைனா, இத்தெல்லாம் நீயா போட்ட?" என்று கேட்டாய். ஏர்போர்ட்டில் நைனா எலக்ட்ரீஷியன் என்று உனக்குத் தெரியும், அங்கே விளக்கு என்று ஒன்று இருந்தால் அது நைனா போட்டதாகத்தானே இருக்க வேண்டும். நான் ஆமாம் என்றேன். அத்தோடு விட்டேனா, இந்த விளக்கு இல்லாவிட்டால் பைலட்டுக்குக் கண் தெரியாது, நேராகக் கொண்டுபோய் ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறக்கிவிடுவான் என்றும் சேர்த்துக்கொண்டேன். நீ வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய். உன் அம்மா பின்னால் உட்கார்ந்து பிரசாதத்தைப் பிரித்துத் தின்றுகொண்டு வந்தாள்.

நான் ஒரு நாளும் ரன்வே பக்கம் போனதில்லை. அன்றும் இல்லை, இன்று வரைக்கும் இல்லை. ரன்வே விளக்குகளுக்கு வேறு ஆட்கள், வேறு காண்ட்ராக்ட், வேறு பாஸ். என் பாஸைக் காட்டினால் அந்தக் கேட்டில் விடமாட்டார்கள். என் வேலை எல்லாம் பயணிகள் உட்காரும் கட்டிடத்துக்குள்தான். பாத்ரூமில் கை காயவைக்கிற மிஷின் ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். செல்போன் சார்ஜ் ஏறவில்லை, பெட்டி வருகிற பெல்ட் நின்றுவிட்டது, குடிதண்ணீர் கூலரைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றால் கூப்பிடுவார்கள். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு தலையில் சந்தனத்தோடு பக்தர்கள் விமானத்துக்குக் காத்திருப்பார்கள். அவர்கள் நடுவே கொஞ்சம் நகருங்கம்மா, கொஞ்சம் நகருங்கம்மா என்று ஏணியைப் போட்டு மேலே ஏறி விளக்கு மாற்றுவேன். பெரிய மனிதர்கள் சாமி கும்பிட வரும் நாளில் ஏணியும் ஆளும் கண்ணில் படக் கூடாது என்று கூப்பிட்ட வேலையை அப்படியே நிறுத்திவிட்டுப் பின்னால் போய் நிற்போம். அது கேவலமான வேலை இல்லை. இதை எழுதும்போது அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு டி.வி.எஸ்.ஸில் உன்னிடம், இல்லை பாப்பா, நான் பாத்ரூம் மிஷின் பார்க்கிறவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சொன்ன பொய் அங்கேயே கிடந்திருந்தால் தொல்லை இல்லை. நீ அதைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாய். எங்க அப்பா ஏர்போர்ட்டில் விளக்குப் போடுகிறார் என்பதை, மா நான்ன ஏர்போர்ட்ல லைட்லு வேஸ்தாரு என்று தெலுங்கில் வகுப்பு முழுக்கச் சொன்னாய். நகரியில் உன் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் சாம்பாரைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன். அப்புறம் உன் ஸ்கூலிலிருந்து பிள்ளைகளை ஏர்போர்ட் சுற்றிக் காட்டக் கூட்டி வந்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீங்கள் வரிசையாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது நான் ஏணி மேல் இருந்தேன். உன் ரெட்டை ஜடையைப் பார்த்ததும் மளமளவென்று இறங்கி, ஸ்விட்ச் போர்டு வைத்திருக்கிற ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் போகிற வரைக்கும் அந்தப் புழுக்கத்திலேயே நின்றேன். பெற்ற பெண் வருகிறாள் என்று ஒளிந்துகொண்ட அப்பனை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீ ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாய். "கண்ணாடி வழியா பாத்தேன் நைனா, மஞ்ச கோட்டு போட்டுக்கினு தூரத்துல நின்னுக்கினு இருந்தியே. நான் கை ஆட்டினேன், நீயும் ஆட்டின" என்றாய். யாரோ ஒரு புண்ணியவான் ஒரு குழந்தைக்குக் கை ஆட்டியிருக்கிறான். நான், ஆமாம் பாப்பா, பார்த்தேன் என்றேன்.

அந்த மஞ்சள் கோட்டு ஆளைப் பார்த்துத்தான் நீ எலக்ட்ரிகல் எடுத்துச் சித்தூரில் பாலிடெக்னிக் படித்தாய். அம்மா உன்னை டீச்சர் டிரெயினிங் போகச் சொன்னாள். நீ, நைனா வேலைதான் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய். லீவில் வந்தால் வீட்டு ஃபேனைக் கழற்றுவாய், தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் உன்னிடம்தான் வரும். ஒயரை நீ சீவுகிற விதத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். இவள் படித்து முடித்துவிட்டு எங்கே வந்து நிற்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் என் கதவிலேதான் வந்து நிற்பாள். அப்படியேதான் ஆயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் ஏர்போர்ட்டிலேயே ரன்வே விளக்கு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனிக்காரர்கள் டெஸ்டுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். நீ இனிப்பு வாங்கி வந்து முதலில் என் வாயில் போட்டாய். "இனிமே ரெண்டு பேரும் ஒண்ணா போலாம் நைனா. உங்க ஆளுங்களுக்கெல்லாம் என்னைக் காட்டு" என்றாய். உங்க ஆளுங்க என்று நீ சொன்னது ரன்வேக்காரர்களை. அவர்களுக்கு நான் யார் என்றே தெரியாது. நீ அங்கே சேர்ந்த முதல் நாளே, எங்க நைனா எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்பாய், அவர்கள் பாத்ரூம் பக்கம் கையைக் காட்டுவார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

இப்போது அந்தக் காலை. நான் முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். நீ வந்து, "நைனா, உன் மீட்டரை எடுத்துக்கினு போவட்டா? ராசியா இருக்கும்" என்றாய். உன்னிடம் கரென்ட் இருக்கிறதா என்று பார்க்கக் காலேஜில் வாங்கிய மீட்டர் ஒன்று இருந்தது, நல்ல மீட்டர். நீ கேட்டது என்னுடையதை. என் மீட்டரின் கறுப்பு ஒயர் முனைக்குப் பக்கத்தில் உள்ளே அறுந்திருந்தது. மேலே ரப்பர் நன்றாக இருக்கும், பார்த்தால் தெரியாது. கொஞ்சம் வளைத்துப் பிடித்தால் காட்டும், நேராகப் பிடித்தால் காட்டாது. எனக்கு அது தெரியும். வளைத்துப் பிடித்துப் பிடித்தே பல நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், புது ஒயர் வாங்கச் சோம்பல். உன்னிடம் அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். எடுத்துக்கோ என்றேன்.

அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று இந்த இரண்டு வருஷத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்க்காத நாள் இல்லை. மறக்கவில்லை. சோப்பு காய்கிற வரைக்கும் அங்கேயே நின்று யோசித்தேன். நீ ஆயுத பூஜையில் மீட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டைத் துடைத்துவிட்டுப் பையில் போடுகிற சத்தம் கேட்டது. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து கூப்பிட்டிருக்கலாம், நீ தெருமுனை தாண்டுகிற வரைக்கும் நேரம் இருந்தது. டெஸ்டில் தடுமாறுவாள், இந்த வேலை கிடைக்காது, வேறு எங்காவது நல்லதாகக் கிடைக்கும், நம் மானமும் தப்பும். இவ்வளவுதான் என் மண்டையில் ஓடிற்று. உனக்கு அடிபடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தொழில்காரனுக்கு அது தோன்றவில்லை என்றால் அவன் தொழில்காரனே இல்லை. கரென்ட் இருக்கிற ஒயரில் வைத்தாலும் அந்த மீட்டர் இல்லை என்றுதான் காட்டும். இல்லை என்று காட்டினால் யாராக இருந்தாலும் கையை வைப்பார்கள். உன் கையில் நான் கொடுத்து அனுப்பியது அது.

சாயங்காலம் நீ வந்து, ஃபெயில் நைனா என்று மட்டும் சொன்னாய். நான், விடு பாப்பா, உனக்கு இன்னா வேலைக்கா பஞ்சம் என்றேன். உள்ளுக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனசார நிம்மதியாக இருந்தேன், அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டேன். நீ அந்த மீட்டரைத் திருப்பிக் கொடுத்தாய். கறுப்பு ஒயரில் சரியாக அறுந்த இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. "இங்க கட் ஆயிருக்குது நைனா. பாக்காம கை வெச்சிடப் போற, ஒயர மாத்திக்கோ" என்றாய். உன் வேலை போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் கையைப் பற்றிக் கவலைப்பட்டாய். நான் மீட்டரை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அப்புறம் சில நாள் கழித்துத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. உனக்கு டெஸ்ட் வைத்தவர் சுப்பராயுடு என்று ஒரு பெரியவர், அவரை ஏர்போர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் பார்த்தேன். என் பாஸில் இருந்த பேரை உன் அப்ளிகேஷனில் பார்த்த ஞாபகத்தில் அவராகத்தான் பேச்செடுத்தார். "ஏமய்யா, அந்தப் பிள்ள உன் கூத்துரா, உன் பொண்ணா? வேலையில சுத்தம்ப்பா. போர்டுல நான் வெச்ச ஃபால்ட் எல்லாத்தையும் கண்ணாலயே புடிச்சிட்டா" என்றார். கடைசியில் ஒரு ஒயரில் கரென்ட் விட்டிருந்தாராம், பார்த்துச் சொல்ல வேண்டும். நீ மீட்டரை வைத்தாய், ஒன்றுமில்லை என்று காட்டிற்று, கையை நீட்டினாய். அவர் கையில் இருந்த கட்டையால் உன் மணிக்கட்டில் தட்டித் தள்ளினாராம். நீ வீட்டுக்கு வந்து கதவு இடித்துவிட்டது என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டாயே, அது கதவு இல்லை. போர்டில் பாதுகாப்புக்கு எல்லாம் வைத்திருந்தோம், உயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் வெளியே வேலையில் இருந்தால் என்ன கதி என்று கேட்டார். "மீட்டரை மொதல்ல கரென்ட் இருக்கற ப்ளக்ல வெச்சிப் பாக்கணும்னு சொல்லித் தரலியாம்மான்னு கேட்டேன். அதுக்கு இன்னா சொல்லிச்சி தெரியுமா? இது எங்க நைனா மீட்டர் சார், இத்த எதுக்குப் பாக்கணும்னுச்சி. நல்ல பிள்ளதான், ஆனா இத்த நான் பாஸ் பண்ண முடியாதில்ல" என்றார். அவர் செய்தது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவருக்கு டீக்குக் காசு கொடுத்துவிட்டு ரூமுக்குள் போய், அன்றைக்கு உன் ஸ்கூல் வந்தபோது ஒளிந்துகொண்ட அதே ரூமுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மீட்டரைச் சோதிக்காமல் கை நீட்டினது உன் தப்பு என்றே எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு நீ மாறிப்போனாய். நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் போனபோது, நைனா வரட்டும் என்று விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பக்கத்து வீட்டுக்காரி மிக்ஸியைக் கொண்டுவந்தபோது, எனக்குத் தெரியாதுக்கா, கடையில் கொடுங்கள் என்றாய். நான் வீட்டில் இருந்துகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்ரீசிட்டி செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாய். உன் டூல் பையைப் பரண் மேல் போட்டுவிட்டுப் போனாய். கம்பெனி பஸ் ஏறிப் போகிற பெண்கள் கூட்டத்தில் உன்னைப் பார்த்தபோது ஒழுங்கான சம்பளம், நிழலில் வேலை, நல்லதுதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நாம் செய்த தப்பால் பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்த மாதிரி ஆக்கிக்கொள்வது பெற்றவர்களுக்குச் சுலபம். நீ நாளைக்குத் தாயாகும்போது இந்த ஒரு திருட்டுத்தனத்தை மட்டும் செய்யாதே.

போன ஞாயிறு உன் போனை வைத்தபிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், இப்போது உன் கையில் இருக்கிற உருண்டைக்காகத்தான். முதலில் ரன்வே விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது எனக்கு எப்பவோ தெரியும். பாஸ்ல இன்னா எழுதியிருக்குதுன்னு சட்டை துவைக்கிறவளுக்குத் தெரியாதா? பொண்ணு கிட்ட பெரிய ஆளா இருக்கணும்னு ஒரு ஆசை, இருந்துட்டுப் போவட்டும்னு உட்டேன்" என்றாள். இத்தனை வருஷம் நான் ஒருத்தன் மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அப்புறம் மீட்டர் விஷயத்தைச் சொன்னேன். உரிப்பதை நிறுத்திவிட்டாள். கடைசியில், "கை வெச்சிருந்தா?" என்று கேட்டாள். அவள் எழுந்து உள்ளே போனாள், அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை, நானாகப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் வந்து, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? அவகிட்ட சொல்லு. எழுதிக் குடு, நான் எடுத்துக்கினு போறேன்" என்றாள். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நீயும் பேசாவிட்டால் அது நியாயம்தான். நாலு பேர் சொன்னார்கள் என்று அவசரப்பட்டு என்னை மன்னிக்காதே. எனக்கே என் மேல் கோபம் ஆறவில்லை.

எனக்கு இப்போது முழங்கால் சொல் பேச்சு கேட்பதில்லை. ஏணியில் ஏறினால் இறங்கும்போது ஒவ்வொரு படியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. சீக்கிரமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் ஒரு காரியம் செய்தேன், அதையும் சொல்கிறேன். நேற்று, ரன்வே ஆட்கள் வேலை முடிந்து வெளியே வருகிற கேட்டில் போய் நின்றேன். ஒரு மஞ்சள் கோட்டுக்காரரை நிறுத்தி, அண்ணா, என் பெண் பெங்களூரில் இந்த வேலைக்குப் போகப்போகிறாள், டெஸ்டில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன். அவர், நீங்களும் நம் லைனா என்றார். இல்லைங்க, நான் டெர்மினல் எலக்ட்ரீஷியன், பாத்ரூம் மிஷின் எல்லாம் பார்ப்பேன் என்றேன். முதல் தடவையாக வெளியாள் ஒருவரிடம் முழுசாகச் சொன்னேன். அவர், ஓ, அங்கே நீங்களா, அந்த மிஷின் இப்போது நன்றாக ஓடுதுண்ணா என்று சொல்லிவிட்டு, நின்று பொறுமையாக எல்லாம் சொன்னார். இவ்வளவுதான் லாவண்யா. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் உன்னை அந்த மீட்டரோடு அனுப்பினேன். அவர் சொன்னதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொள்.

நீ போக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் போகிறதா வேண்டாமா என்று யோசிக்கும்போது அந்த மீட்டரில் எது அறுந்திருந்தது என்று தெரிந்துகொண்டு யோசி. அறுந்தது ஒயர்தான், அது தெரிந்தே கொடுத்தவன் நான். உன் கை இல்லை. போர்டில் இருந்த ஃபால்ட் எல்லாவற்றையும் நீ கண்ணாலேயே பிடித்தாய், வைத்தவரே சொன்னார். நீ செய்த ஒரே தப்பு, பெற்ற அப்பனை நம்பினது. போய்ச் சேர்ந்தால், முதல் நாள் சாயங்காலம் அந்த விளக்குகள் எரியும்போது, இத்தெல்லாம் நான் போட்டது என்று யாரிடமாவது சொல். பொய்யில்லாமல் சொல்லலாம். நம் வீட்டில் அதைச் சொல்லும் முதல் ஆள் நீதான்.

இப்போது துண்டைப் பிரி. என் மீட்டர்தான். கறுப்பு ஒயர் புதுசு, சிவப்பையும் மாற்றிவிட்டேன். நீ டேப் சுற்றிய பழைய ஒயரைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, அது அலமாரியில் இருக்கட்டும். இதை எடுத்துக்கொண்டு போ என்று நான் சொல்ல மாட்டேன், உன்னுடையதே நல்ல மீட்டர், அதைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து அம்மா பையில் வைத்திருக்கிறாள். எதை எடுத்துக்கொண்டாலும் சரி. இதை மட்டும் இப்போதே, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, ரூமில் கரென்ட் இருக்கிற ப்ளக் எதிலாவது வைத்துப் பார். ஒயரை மாற்றிவிட்டேன் என்று நைனா எழுதியிருக்கிறானே என்று விட்டுவிடாதே. நேராகப் பிடித்துப் பார், வளைக்காதே. காட்டினால், காட்டுது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பு. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.